தொப்பி எங்க போச்சு, தம்பி?

போன மார்ச் மாதம் என்னுடைய ஒயர் இல்லாத இயர்பட்ஸில் இடது பக்கம் மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் சார்ஜ் நிற்காமல் போனது. குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் கிண்டி வருவதற்குள் அணைந்துவிடும். வலது பக்கம் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காதில் மட்டும் கச்சேரி கேட்டபடி கோட்டை ஸ்டேஷன் வரை போவது எனக்குச் சரிப்படவில்லை. உள்ளே இருப்பது பட்டாணி அளவு பேட்டரி, அதை மாற்ற முடியாது, சர்வீஸில் கேட்டதற்குப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கி இரண்டே வருடம். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குச் சாகும் தேதியும் சேர்ந்தே வருகிறது என்றால் அதை மறுபடி வாங்க மனம் வரவில்லை. இனி ஒயர் உள்ளதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ப்ளூடூத்தின் ஒலித்தரம் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்றைக்கு அது ரயில் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். என் சண்டை பேட்டரியோடுதான்.

நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவுகள். காலையில் போகும்போது வாய்ப்பாட்டு, மாலையில் திரும்பும்போது வீணையோ நாதஸ்வரமோ, வெள்ளிக்கிழமை மட்டும் சினிமாப் பாட்டு. இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் எந்த இயர்போன் நல்லது என்ற கேள்விக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அதற்குள் ஒரு முறை காசு போய்விட்டது.

முதலில் வாங்கியது பெட்டியைப் பார்த்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து டிரைவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ஒரு டைனமிக், நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். டிரைவர் என்றால் உள்ளே ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், மற்ற இரண்டும் அதன் வகைகள். 40,000 ஹெர்ட்ஸ் வரை கேட்குமாம். மனிதக் காது எட்டும் உச்சம் 20,000, அதுவும் சின்ன வயதில். நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு 15,000க்கு மேல் ஏதாவது கேட்டாலே அதிசயம். ஆனால் வாங்கும்போது இதெல்லாம் யோசிக்கத் தோன்றுவதில்லை, பழைய இயர்பட்ஸில் ஒன்றே ஒன்று இருந்தது, இதில் ஐந்து இருக்கிறது, அப்படியானால் ஐந்து மடங்கு நன்றாக இருக்கும் என்று கை தானாகப் பணம் கட்டிவிடுகிறது.

போட்டுக் கேட்டால் பாடகர் வாயில் 'ச' வரும் இடமெல்லாம் ஊசி. வயலின் வில் மேலேறும்போது கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. சரி, புதுசு, பழகினால் சரியாகும் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். சரியாகவில்லை. பழகுவது இயர்போன் இல்லை, நம் காதும் மூளையும்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. அதற்கும் ஒரு எல்லை உண்டு.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு மிருதங்க வாத்தியார் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன்கள் வந்து தலையாட்டிக்கொண்டு 'த தி தொம் நம்' சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அந்த இயர்போனைக் கொடுத்து, "சார், உங்களுக்குத் தெரிஞ்ச பதிவு ஒண்ணு போடறேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தனி ஆவர்த்தனம் முழுக்கக் கேட்டார். விரல்கள் தொடையில் ஓடிக்கொண்டிருந்தன. முடிந்ததும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வலந்தலை கேக்குது. தொப்பி எங்க போச்சு, தம்பி?" என்றார்.

வலந்தலை என்பது மிருதங்கத்தின் வலது பக்கம், தொப்பி இடது பக்கம். கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அந்தப் பக்கம். அடி நாதம் அங்கிருந்துதான் வருகிறது. அவர் சொன்ன பிறகு நானும் கவனித்துக் கேட்டேன். வலந்தலையின் நம், சாப்பு எல்லாம் துல்லியமாக விழுகின்றன, இடது கையை யாரோ கட்டிப்போட்டது போல இருக்கிறது. உள்ளங்கை அடிப்பாகம் தோலில் வழுக்கிப் போகும்போது வருமே கும்கி, அந்த 'கூம்' என்று இழையும் சத்தம், அது சுத்தமாக இல்லை. ஐந்து டிரைவர் இருக்கிற இயர்போனில்!

காரணம் டிரைவரே இல்லை. பெட்டியோடு வந்த சின்ன, நடு, பெரிய ரப்பர் டிப்களில் நடு அளவை இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, வலிக்கவில்லை, கீழே விழவில்லை, எனவே சரி என்று இருந்துவிட்டேன். பெரிய அளவை இடது பக்கம் மாட்டியதும் காது லேசாக அடைத்துக்கொண்டது. விமானம் ஏறும்போது அடைக்குமே, அதில் கால்வாசி. தொப்பி வந்துவிட்டது. என் இடது காதுத் துளை வலதைவிடப் பெரிது என்று நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன். நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும், இரண்டு செருப்புக்கும் ஒரே அளவு காலா இருக்கிறது?

இது ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இயர்போன் விஷயத்தில் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. காதுக்குள் போகும் டிரைவர் மிகச் சிறியது. அது ஒரு அறையை அதிர வைக்க வேண்டியதில்லை, டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட காற்றை மட்டும் அழுத்தி விட்டால் போதும். அந்தக் காற்று ஒரு டீஸ்பூனில் பாதிகூட வராது. மூடி இறுக்கமாக இருந்தால் அந்தத் துளிக் காற்றின் அழுத்தம் முழுசாகச் செவிப்பறைக்குப் போகிறது. ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ் ஸ்தாயி முதலில் கசிந்து போகும், ஏனென்றால் மெதுவான அதிர்வுக்கு வெளியே நழுவ நேரம் கிடைக்கிறது. வேகமான மேல் ஸ்தாயிக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை, அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆக, டிப் சரியில்லாத இயர்போன் எதுவானாலும் தொப்பி இல்லாத மிருதங்கம்தான். பேஸ் இல்லை என்று திட்டி, காசு சேர்த்து இன்னொன்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு வேண்டியிருந்தது அடுத்த அளவு ரப்பர் மட்டும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இருப்பதை மாற்றுவதற்கு முன் தயவுசெய்து எல்லா அளவு டிப்பையும், இரண்டு காதுக்கும் தனித்தனியாக, போட்டுப் பாருங்கள்.

என் கதை அதோடு முடியவில்லை. தொப்பி திரும்பிய பிறகு வாத்தியார் மறுபடி கேட்டார். இந்த முறை முகத்தைச் சுளித்தார். "நம் அடிச்சா நாதம் நிக்கணும். இது தகர டப்பா தட்டற மாதிரி இருக்கு."

வலந்தலை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் அப்பியிருக்கும், சோறு என்பார்கள். சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் வருகிற மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மெல்லிய சுரங்கள்) ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால்தான் அது வெறும் 'டம்' என்ற ஓசையாக நின்றுவிடுகிறது. சோறு அப்பிய வலந்தலையில் அந்த மேல்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் வந்து உட்காருகின்றன, ஒரு தந்தி வாத்தியத்தைப் போல. இதை சி.வி. ராமன் தன் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்க்க முடிவது இதனால்தான். அப்படி ஒழுங்காக அடுக்கி வைத்த மேல்சுரங்களில் ஒரு பகுதியை மட்டும் இயர்போன் தூக்கிக் காட்டினால் என்ன ஆகும்? சுரம் போய் ஓசை மிஞ்சும். வாத்தியாரின் தகர டப்பா அதுதான். வயதானால் மேல் ஸ்தாயி கேட்பது குறையும் என்பார்கள், அவருக்கும் குறைந்திருக்கும். ஆனால் நாதம் எப்படி நிற்க வேண்டும் என்பது ஐம்பது வருடமாகக் கையில் இருக்கிறவருக்கு அதைக் கண்டுபிடிக்க மேல் ஸ்தாயி முழுக்க வேண்டியதில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு உண்மையாகவே உதவிய இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, காதுத் துளையே ஒரு குழல். திறந்திருக்கும்போது அது 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது, பத்து டெசிபெல்லுக்கும் மேல். பிறந்ததிலிருந்து நாம் உலகத்தை அப்படித்தான் கேட்டு வருகிறோம். அந்தக் குழலின் வாயை இயர்போனால் அடைத்த உடனே அந்த இயற்கையான தூக்கல் போய்விடும். எனவே இயர்போன் செய்கிறவர் அதே இடத்தில் அதே அளவு தூக்கலைத் தானே வைத்தாக வேண்டும். குறைவாக வைத்தால் பாடகர் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவார், அதிகமாக வைத்தால் கத்துவார், தூக்கல் ஆறாயிரம் ஏழாயிரத்துக்கு நகர்ந்தால் ஊசி குத்தும். எவ்வளவு தூக்கல் பெரும்பாலான மக்களுக்குப் பிடிக்கிறது என்பதை ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் தலைமையிலான குழு நிறைய பேரைக் கேட்க வைத்துக் கண்டறிந்தது. எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று அவர்கள் வரைந்த கோடுதான் எல்லோரும் சொல்லும் ஹார்மன் டார்கெட். அது வேதவாக்கு இல்லை, அதில் அடி நாதம் என் ருசிக்குக் கொஞ்சம் தூக்கல். ஆனால் வரைபடம் பார்த்து வாங்குவதற்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது.

வரைபடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான விமர்சகர்கள் செயற்கைக் காது ஒன்றில் செருகி அளக்கிறார்கள், 711 என்று சுருக்கமாகச் சொல்லும் கருவி. அதில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான முகடு வரும், அது பல நேரம் இயர்போனுடையது இல்லை, கருவிக் குழலின் அதிர்வு, எவ்வளவு ஆழம் செருகினோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும். உங்கள் காதில் அது வேறு இடத்தில் இருக்கும். எனவே வரைபடத்தில் நான்காயிரம் ஐயாயிரம் வரை நம்பலாம், அதற்கு மேலே சொந்தக் காதைத்தான் நம்ப வேண்டும். கடையில் போட்டுக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, டிரைவர்களின் எண்ணிக்கை. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்பது காது கேட்கும் கருவிகளில் பயன்பட்டு வந்த சின்ன ஒலிப்பான். அந்தத் துறையில் பேர் போன நோல்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மீட் கில்லியன் பிறகு எடிமோட்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1991இல் ஈஆர்-4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரே ஒரு ஆர்மேச்சர். அதைப் போட்டுக் கேட்டவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்றே போதும் என்று இல்லை, ஐந்து இருந்தால் கெட்டது என்றும் இல்லை. பல டிரைவர்களை ஒன்றோடொன்று உரசாமல் சேர்ப்பது கஷ்டமான வேலை, அதைச் சரியாகச் செய்ய விலை ஏறும். அதே பட்ஜெட்டில் ஒரு நல்ல ஒற்றை டிரைவர், அவசரமாகச் சேர்த்த ஐந்தைவிட நன்றாகவே இருக்கும். இன்னும் ஒரு தொல்லை, பல ஆர்மேச்சர் உள்ளவற்றில் மின்தடை ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஏறி இறங்கும், அதனால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும். போன் அல்லது டாங்கிளின் (போனில் செருகி, அதில் இயர்போன் ஒயரை மாட்டும் சின்னக் கருவி) வெளியீட்டு மின்தடை, இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 16 ஓம் இயர்போன் என்றால் 2 ஓம். இப்போதைய நல்ல யூஎஸ்பி-சி டாங்கிள்களில் இது பிரச்சினையே இல்லை. அதற்கு மேல் ஒலியை வலுவாக்கும் ஆம்ப், டிஜிட்டல் பதிவை ஒலியாக மாற்றும் டேக் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசை இயர்போனில் போடுங்கள்.

பட்ஜெட் பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொண்டு மூன்றைக் குறித்துக்கொண்டேன். ஜப்பானின் ஃபைனல் நிறுவனத்தின் இ3000, சீனாவின் மூன்டிராப் ஆரியா, அமெரிக்காவின் எடிமோட்டிக் ஈஆர்2எக்ஸ்ஆர். மூன்றுமே பக்கத்துக்கு ஒற்றை டைனமிக் டிரைவர். முதல் இரண்டையும் கேட்டுப் பார்க்கச் சென்னையிலேயே ஒரு கடை கிடைத்தது, மூன்றாவது ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இருந்தது. கடைக்குப் போகும்போது என் போன், என் டாங்கிள், என் பாட்டு. கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டில் எந்த இயர்போனும் நன்றாகத்தான் இருக்கும். நான் எடுத்துப் போனவை நான்கு: வெறும் தம்பூரா ஐந்து நிமிடம், ஒரு பெண் குரல், கஞ்சிராவும் கடமும் சேர்ந்த ஒரு தனி, அப்புறம் பழைய காலத்து மோனோ பதிவு ஒன்று.

தம்பூராவை எதற்கு எடுத்துப் போனேன் என்று கடைப் பையன் கேட்டான். சோதிக்க அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகியிருப்பார்கள், ஜீவா என்று பெயர். அந்த நூலால் ஒவ்வொரு மீட்டலிலும் மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து இறங்கும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் கேட்கும், சுயம்பு காந்தாரம் என்பார்கள், அது ஆதார ஷட்ஜத்தின் ஐந்தாவது மேல்சுரம். முன்னால் வாங்கிய ஐந்து டிரைவரில் தம்பூரா என்பது ஒரு ரீங்காரமான இரைச்சல். நல்ல இயர்போனில் அந்தக் காந்தாரம் தானே வந்து நிற்க வேண்டும். வந்தால் நடு ஸ்தாயி ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

இ3000 போட்ட உடனே எனக்குப் பிடித்துவிட்டது. பெண் குரல் அப்படி ஒரு மென்மை, கஞ்சிராவின் அடி நாதம் வழுக்கிக் கீழே போவது உடம்பில் தெரிந்தது. ஆனால் அதன் பின்பக்கம் ஒரு சல்லடை மாதிரி திறந்திருக்கிறது, வெளிச்சத்தம் உள்ளே வரும். கடையின் ஏசி அறையில் அது தெரியாது. மீனம்பாக்கத்தில் தெரியும். ஒயரையும் கழற்ற முடியாது, ஒயர் அறுந்தால் எல்லாம் போச்சு. வீட்டில் ராத்திரி படுத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஆரியா 2021இல் வந்தது. பத்து மில்லிமீட்டர் டிரைவர், ஒயர் காதுக்கு மேலே சுற்றிப் போகும், இரண்டு ஊசி வைத்த இணைப்பு, எனவே ஒயர் கெட்டால் வேறு வாங்கி மாட்டலாம். தம்பூராவில் காந்தாரம் வந்தது. கடத்தின் வாய்ப்பக்கம் வயிற்றில் அழுத்தி எடுக்கும் 'பும்' நன்றாக வந்தது, இன்னும் சொல்லப்போனால் மேடையில் கேட்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. சினிமாப் பாட்டுக்கு மூன்றிலும் இதுதான் சந்தோஷம். கூட வந்திருந்த என் மனைவி இதைக் காதிலிருந்து கழற்றவே இல்லை, அன்றைக்கே அவளுக்கு வாங்கியாயிற்று.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்க வேண்டும். ஒரே வால்யூம் எண்ணில் ஆரியா, இ3000ஐவிடச் சத்தமாக ஒலிக்கும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும், நமக்கே தெரியாமல். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தம்பூராவை வைத்துச் சத்தத்தைச் சமன் செய்த பிறகுதான் மற்றப் பாட்டுக்குப் போனேன். கடைப் பையன் பொறுமையாக ஒன்றரை மணி நேரம் கூட நின்றான்.

ஈஆர்2எக்ஸ்ஆர் வேறு சாதி. அதற்கு மூன்று அடுக்குக் குடை மாதிரி ரப்பர். வாயில் வைத்து நுனியை லேசாக ஈரப்படுத்தி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் திருகி உள்ளே விட வேண்டும். முதல் குடை போகும், இரண்டாவது போகும், மூன்றாவது வாசலில் நிற்கும். இவ்வளவு ஆழமா என்று முதல் தடவை பயமாகத்தான் இருந்தது. உள்ளே போன பிறகு நண்பர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பாட்டே இன்னும் போடவில்லை. வெளிச்சத்தத்தை 35 டெசிபெல்லுக்கு மேல் குறைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. என்னிடம் அளக்கக் கருவி இல்லை, ஆனால் மறுநாள் இரவல் வாங்கி ரயிலில் போட்டபோது திரிசூலத்தில் தலைக்கு மேலே விமானம் போனதை நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதில் தம்பூரா போட்டேன். காந்தாரம் வந்தது மட்டும் இல்லை, பஞ்சமத் தந்தியை மீட்டும்போது விரல் தந்தியை விட்டு விலகும் சத்தமும் தனியாகக் கேட்டது. பழைய மோனோ பதிவில் பாடகர் அடுத்த சங்கதிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு. மிருதங்கக்காரர் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கல்லால் ஒரு தட்டுத் தட்டிச் சுருதி சரிசெய்வது. அந்தப் பதிவை இருபது வருடமாகக் கேட்கிறேன். அந்தக் கல் தட்டு இருந்தது எனக்குத் தெரியாது.

எக்ஸ்ஆர் என்றால் அடி நாதம் கொஞ்சம் தூக்கி வைத்தது. எஸ்இ என்று தட்டையாக ஒன்றும் உண்டு. கச்சேரிக்கு எக்ஸ்ஆர் சரி. மூன்று நாள் இரவல் வைத்திருந்துவிட்டு, நான்காம் நாள் எனக்கென்று ஒன்று சொல்லிவிட்டேன்.

ஆழமாகச் செருகுவதில் இன்னொரு லாபமும் உண்டு. காதுத் துளையின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, உள்பகுதி எலும்பு. வாசலில் மட்டும் அடைத்தால் நம் காலடிச் சத்தம், மெல்லும் சத்தம், நம் குரல் எல்லாம் உள்ளே மத்தளம் மாதிரி அதிரும். ஆழத்தில் அடைத்தால் அது குறைகிறது. ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. என் மனைவி ஒரே நிமிடத்தில் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காதில் சீழ், தொற்று, செவிப்பறையில் ஏதாவது குறை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். கழற்றும்போதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, உள்ளே வெற்றிடம் இருக்கும், மெல்லத் திருகிக் காற்றை விட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சத்தம். மின்சார ரயிலில் கதவோரம் நின்றால், சத்தம் அளக்கும் போன் ஆப்பில் எண்பது டெசிபெல்லுக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும். பழைய இயர்பட்ஸில் அந்த இரைச்சலை ஜெயிக்க நான் வால்யூமைத் தொண்ணூறு சதவீதம் வரை ஏற்றிக்கொண்டிருந்தேன், தினமும் போக வர ஒன்றரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. உள்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. இப்போது அதே ரயிலில் பாதிக்கும் கீழே வைத்துக் கேட்கிறேன், மெல்லிய கமகம்கூடத் தப்புவதில்லை. இரைச்சல் நீக்கும் ஒயர்லெஸ் வகைகளும் இதைச் செய்யும், ரயிலின் அடி உறுமலை அவை பிரமாதமாக விழுங்கும், பேட்டரியைப் பற்றிக் கவலை இல்லாதவர்களுக்கு அதுவும் நல்ல வழிதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதைப் போட்டுக்கொண்டால் அறிவிப்பு கேட்காது, ஹாரன் கேட்காது, பின்னால் வருகிற வண்டி கேட்காது. நான் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் போடுகிறேன், இறங்கும் ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷனில் கழற்றிவிடுகிறேன். பிளாட்பாரத்தில், ரோட்டில், தண்டவாளம் பக்கத்தில் ஒரு நாளும் இல்லை. காதில் இயர்போனோடு தண்டவாளம் தாண்டிச் செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒயர் சட்டையில் உரசினால் அந்தச் சரசரப்பு காதுக்குள் வரும், அதற்கு ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போட்டுச் சட்டையில் ஒரு கிளிப்பால் பிடித்துக்கொண்டால் போதும். ஆழமாகப் போகும் எந்த இயர்போனிலும் குறும்பி ஒட்டும். நுனியில் இருக்கும் சின்ன ஃபில்டரில் அது அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சத்தம் குறையும், உடனே இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை ரப்பரைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, முழுசாகக் காய்ந்த பிறகு மாட்டுகிறேன். பஞ்சு மாதிரி அமுங்கும் ஃபோம் டிப் சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் ஊர் வியர்வைக்கு இரண்டு மாதத்தில் கெட்டியாகிவிடுகிறது. ரப்பரே எனக்குப் போதும்.

புதுசு வந்த அன்றைக்குச் சாயங்காலம் எதிர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வகுப்பு முடிந்து பையன்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாருக்குக் குடை ரப்பர் ஒத்துவரவில்லை, ஃபோம் டிப்பை உருட்டி அமுக்கி அவர் காதில் வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது தன் குருநாதர் வாசித்த ஒரு பழைய கேசட் பதிவு, அவர் மகன்தான் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். நான்கு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. ஒரு இடத்தில் இடது கை தானாக எழுந்து காற்றில் கும்கி இழுத்தது.

"இங்கதான் அவர் மோதிரத்தைக் கழட்ட மறந்துட்டாரு," என்றார். "தொப்பியில உரசறது கேக்குது பாரு."

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயர்போன் அவர் வீட்டில்தான் இருக்கும். அவர் காதுக்கான ஃபோம் டிப் ஒரு ஜோடியைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதி, என் பையிலேயே வைத்திருக்கிறேன்.